ஈஃபா எமத்லா சொல்லாத பொய்

என் புருஷன் ஈஃபா எமத்லாவை ஊரில் யாரும் வீரன் என்று சொன்னதில்லை. மான்தோல் பதப்படுத்துவார், மீன் பிடிப்பார், வம்பு தும்புக்குப் போகமாட்டார். அவர் கிழங்குக் குலம், நான் கரடிக் குலம். "கிழங்கு தோண்டினாத்தான் வெளியே வரும்" என்று சீண்டுவேன். "கரடிதானே தோண்டித் திங்குது, தின்னுட்டுப் போ" என்பார். இருபது வருஷம் இப்படியே ஓடியது.

அவருடைய அக்கா செமஹோயிக்கு ஒரே மகன், சூலா. எங்களில் பிள்ளை தாயின் குலம்; பொறுப்பும் அப்பன் இல்லை, தாய்மாமன்தான். எங்கள் செவ்விந்திய மண்ணில் குடியேற வந்த வெள்ளைக்காரர்கள் சூலாவின் வேட்டைக் கூட்டாளியைச் சுட்டுக் கொன்றார்கள். பதிலுக்கு இவன் அவர்களில் ஒருவனைச் சுட்டுவிட்டுச் சதுப்புக்காட்டுக்குள் ஓடிவிட்டான். கூட்டாளியைச் சுட்டவனை யார் கேட்டார்கள்? எங்களுக்குத்தான் வெள்ளைக்காரப் பட்டாளத்தின் கோட்டையிலிருந்து ஆள் வந்தது. ஏழு நாளைக்குள் கொலைகாரன் வராவிட்டால் ஊரையும் முற்றிய சோளத்தையும் பட்டாளம் கொளுத்துமாம்.

ஏழு குச்சி கட்டி வைத்து, விடிந்தால் ஒன்றை எறிந்தோம். மூன்று மிச்சமிருந்த காலையில் அவர் ஆற்றில் தலைமுழுகிவிட்டு வந்து நல்ல சட்டையை எடுத்தார்.

"எங்கே கிளம்பிட்டீங்க?"

"கோட்டைக்கு. கொன்னவன் இல்லேன்னா அவன் குலத்துல ஒருத்தன். அதானே முறை?"

"உங்க குலத்துல வேற ஆம்பளையே இல்லையா?"

"மாமன் நான்தானே?"

அடப் பாவி மனுஷா என்று கத்தினேன். நின்றால்தானே! எங்களில் புருஷன் செத்தால் நாலு வருஷம் தலை வாரக்கூடாது. அவர் முதுகு மறைவதற்குள் பின்னலை அவிழ்த்துவிட்டேன்.

கோட்டையில் நடந்ததை, அங்கே மொழிபெயர்த்த வில்லி பிறகு சொன்னான். அவன் அம்மா எங்கள் ஊர்க்காரி. "நீயா சுட்டே?" என்று கேப்டன் கேட்டாராம்.

"நான் சுடலை. எங்க குலத்துப் பையன் சுட்டான். அந்த உயிருக்கு என் உயிரைக் குடுக்க வந்திருக்கேன்."

வில்லி காதோரம் கெஞ்சியிருக்கிறான். "மாமா, ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அவங்களுக்கு அது போதும்."

"செய்யாததைச் செஞ்சேன்னு எதுக்குடா சொல்லணும்? சாகத்தான் வந்தேன், பொய் சொல்ல வரலை."

கேப்டனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குற்றம் செய்யாதவனைத் தூக்கில் போட அவர்கள் சட்டத்தில் இடமில்லையாம். சுட்டவனைக் கொண்டுவா என்று சொல்லி, கையில் ரொட்டியும் கொடுத்து அனுப்பிவிட்டார்.

மறுநாள் சாயங்காலம் அவர் வாசலில் வந்து நின்றார். "யோவ், வந்துட்டியா!" என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். வெட்கமில்லாமல் சிரித்தேன், அழுதேன். எதிர்வீட்டில் செமஹோயி சோளம் இடித்துக்கொண்டிருந்தாள். தம்பியைப் பார்த்ததும் உலக்கையைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். மாமனை வேண்டாம் என்றவர்கள் யாரைக் கேட்பார்கள் என்று அவளுக்குத் தெரியாதா?

மாமன் போனதும் திரும்பியதும் சதுப்புக்காட்டுக்கும் எட்டியது. கடைசி நாளன்று சூலா தானே கோட்டைக்கு நடந்து போனான். தூக்கில் போட்டார்கள். ஊர் எரியவில்லை.

அதற்குப் பிறகு என் புருஷன் பதினோரு வருஷம் இருந்தார். ஒரே ஒரு தடவை, வாசலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், "ஆமான்னு சொல்லியிருக்கணும்டி" என்றார்.

"சொல்லாததுதான் எனக்கு நல்லதாப் போச்சு" என்றேன். எதிர்வீட்டுக்குக் கேட்டுவிடாதபடி மெதுவாகத்தான் சொன்னேன்.