முழங்காலில் ஒப்பரேசன் செய்த மாப்பிள்ளை

அமெரிக்கக் கல்லூரிகளில் ஃபுட்போல் ஆடும் பொடியன்களில் யாரைத் தொழில்முறை அணிகள் எடுக்கும் என்று எடைபோடுவது என் பைத்தியம். பாரிஸில் இதைப் பேச எனக்கு ஒருவரும் இல்லை.

இன்று, தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடையில் இருந்தபடி ரொறன்ரோ நண்பனுக்குக் குரல் செய்தி அனுப்பினேன்.

"பொடியன் ஆறடி நாலு. நல்ல உடம்பு. போன வருசம் முழங்காலிலை ஒப்பரேசன். குணத்தைத்தான் இன்னும் விசாரிக்க வேணும்."

பக்கத்து மேசை அண்ணை கதிரையை இழுத்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சிக்கோ பாக்கிறியள்?"

எனக்குத் தங்கச்சியே இல்லை. ஆனால் இந்தக் கிழமை முழுக்க யாரும் என்னோடு இருந்து கதைக்கவும் இல்லை.

"ஓம் அண்ணை."

"முழங்கால் பரவாயில்லை. குடிப்பானோ?"

"தெரியேல்லை அண்ணை."

"வடிவா விசாரியுங்கோ. பொடியன் இப்ப எங்கை?"

"ஒஹாயோவிலை."

"அங்கையும் எங்கட சனம் இருக்கோ!" என்று வியந்து, எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணி சொன்னார்.

எழும்பும்போது, "வாற ஞாயிறும் இஞ்சைதான் இருப்பன். முடிவைச் சொல்லுங்கோ" என்றார்.

ரொறன்ரோக்காரன் இன்னும் என் செய்தியைக் கேட்கவில்லை.

சம்பந்தம் சரிவரவில்லை என்றால் அண்ணை தன் மேசைக்கே போய்விடுவார். சாதகம் இன்னும் வரவில்லை என்று சொல்லலாமென்று இருக்கிறேன்.

அது எத்தனை ஞாயிறு தாங்கும், சொல்லுங்கள்?