பட்டியலில் அடித்த குதிரை

காலை ஆறே கால் மணி. பழவேற்காடு ஏரிக்கரையில் நிற்கிறேன். பல வருஷமாக இங்கே நடக்கும் குதிரைச் சவாரித் தொழிலை நேற்றுதான் தேவராஜிடமிருந்து வாங்கினேன். ஆழமில்லாத ஏரியைக் கடந்து எதிர்த் திட்டுக்குப் போய்வருவதுதான் சவாரி.

நான்கு குதிரைகளும் தண்ணீருக்கு ஓரடி முன்னால் நின்றுவிட்டன. தேவராஜ் தட்டுகிறார், கயிற்றைப் பிடித்து இழுக்கிறார். ஒன்றும் கால் வைப்பதாக இல்லை.

வலை உதறும் பெண் சிரிக்கிறாள். "இன்னா தேவராஜண்ணே, மாப்ளைங்க அடம் புடிக்குதா? கெழவி எங்க?"

கெழவி ஐந்தாவது குதிரை. பத்தொன்பது வயது, இடது கண் தெரியாது. வாங்கும் பட்டியலில் அதை மட்டும் நான் சிவப்பு மையால் அடித்தேன். போன வாரம் நானே சவாரி போய், எல்லாவற்றையும் குறித்துக்கொண்டேன். முன்னால் நடந்தது எந்தக் குதிரை என்று குறிக்கவில்லை.

"அது எறங்கினாத்தான் சார் இதுங்க எறங்கும். சேறு எங்க உள்வாங்கும்னு அதுக்குத்தான் தெரியும்" என்கிறார் தேவராஜ்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே?"

"நீங்க வயசு, பல்லு, கண்ணுதானே கேட்டீங்க. வேணாம்னு அடிச்சிட்டீங்க. சாயங்காலமே ஒருத்தர் வேன்ல ஏத்திக்கினு போயிட்டாரு."

"எந்த ஊர்?"

"ஆந்திரானு மட்டும்தான் சொன்னாரு."

வந்த பயணிகளிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்புகிறேன். குதிரைகளை அந்தப் பெண் பார்த்துக்கொள்கிறாள். தேவராஜின் பைக்கில் பின்னால் ஏறுகிறேன். எல்லை தாண்டி எங்கே விசாரிப்பது என்று இருவருக்கும் தெரியாது. திரும்பிப் பார்க்கிறேன். நான்கும் ஏரிக்கு முதுகைக் காட்டி, வேன் போன சாலையைப் பார்த்து நிற்கின்றன.