புண்ணாஸ்பத்திரி ரசம்

போன வாரம் இலுப்பூரில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தேன். ரசம் ஊற்ற வந்த பெண் கரண்டியைச் சாய்த்ததும் மிளகும் பூண்டும் கலந்த வாசனை முகத்தில் அடித்தது. நல்ல ரசம்தான். ஆனாலும் ஏதோ குறைகிறதே என்று யோசித்தபடியே பிசைந்தேன். கை கழுவும்போதுதான் பிடிபட்டது. பஞ்சு, டிங்சர், கொதிக்கிற துணி ஆகியவற்றின் நெடி அதில் இல்லை. ரசத்தில் ஆஸ்பத்திரி நெடி வீசவில்லையே என்று வருத்தப்படுகிற ஆள் இந்தப் புதுக்கோட்டை மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீங்கள் சிரித்துக்கொள்ளலாம்.

அப்போது நான் மினி பஸ்ஸில் கண்டக்டர். புது வேலை, புது விசில், தலைகால் புரியாத மிடுக்கு. வழியில் ஒரு மாதா கோவில் ஸ்டாப் உண்டு. கோவிலை ஒட்டி ஓர் ஓட்டுக் கொட்டகை. எங்கள் பக்கத்து ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் புண்ணாஸ்பத்திரி. சர்க்கரை வியாதியில் ஆறாத கால்புண்ணோடு வருகிறவர்கள் அங்கே ஒரு நீளப் பெஞ்சில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் புண்களைக் கழுவிக் கட்டுப்போடுகிறவர் ஒரு பிரதர்.

பிரதர் என்றால் சாமியார் இல்லை. துறவி, அங்கி உண்டு. ஆனால் பூசை வைக்க மாட்டார். தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுவார், மோட்டார் மக்கர் செய்தால் கிணற்றில் இறங்குவார். திருவிழாவில் மாலை எல்லாம் பங்குச் சாமியாருக்குப் போகும். பிரதர் பந்தலில் குழல்விளக்கு கட்டிக்கொண்டிருப்பார். இதையெல்லாம் பஸ்ஸில் வரும் ஒரு டீச்சர்தான் எனக்கு விளக்கினார். நான் பாய் வீட்டுப் பிள்ளை. வெள்ளை அங்கி போட்டவரெல்லாம் ஒன்றுதான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் அப்பாவை அத்தா என்போம். அத்தாவுக்குக் காலில் புண் வந்தது அந்த வருஷம்தான். அத்தா சைக்கிளில் ஜவுளி மூட்டையைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்க் கைலியும் ரவிக்கைத் துணியும் விற்பவர். பெருவிரலில் முள் குத்தியதைக் கவனிக்காமல் விட்டார். டவுனில் காட்டியபோது முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்றார்கள். அன்று வீட்டுக்கு வந்த அத்தா சாப்பிடவில்லை. சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டார், பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கால் போனால் அவருக்கு உயிரே போன மாதிரி.

மறுநாள் என் பஸ்ஸிலேயே ஏற்றி, புண்ணாஸ்பத்திரியில் இறக்கிவிட்டேன். தொட்டால் ஆறும் கை என்று பிரதருக்குப் பேர் இருந்தது. அவரோ புண்ணைப் பார்த்துவிட்டு முதலில் சொன்னது வேறு.

“நான் டாக்டர் இல்ல பாய். பெரியாஸ்பத்திரியில இன்னொரு தடவ காட்டுங்க. வெரல எடுக்கணும்னா எடுத்துக்கட்டும். மிச்சத்தக் கழுவி ஆத்துறது என் வேல.”

பெரியாஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்ததோடு விட்டார்கள். மாத்திரையும் ஊசியும் தந்தார்கள். ஆனால் காயம் மூடாவிட்டால் மறுபடி கத்திதான் என்றும் சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு அத்தா தினமும் என் முதல் டிரிப்பில் வந்து அந்தப் பெஞ்சில் உட்கார ஆரம்பித்தார்.

இங்கேதான் ரசம் வருகிறது. அந்தோணியார் கோவில்களில் வேண்டிக்கொள்கிறவர்கள் உப்பும் மிளகும் காணிக்கையாகப் போடுவது வழக்கம். புண் ஆறிய சிலர் அதையே பிரதர் கொட்டகை வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போக ஆரம்பித்தார்கள். பிரதருக்கு முகம் சுருங்கிவிடும். “நான் என்ன அந்தோணியாரா, உசுரோட இருக்கிற மனுசன்யா” என்பார். ஒருவரும் கேட்கவில்லை. காணிக்கையைக் கொட்டவும் மனசு வராமல், சமைக்கவும் கூச்சப்பட்டு, எல்லாவற்றையும் மூலையில் ஒரு டின்னில் போட்டு வைத்திருந்தார்.

அத்தாவுக்கு இந்த வழக்கம் என்ன தெரியும்? எல்லாரும் பிரதர் வீட்டுச் சமையலுக்குத்தான் சாமான் தருகிறார்கள் என்று நினைத்துவிட்டார். ஒருநாள் மஞ்சப்பை நிறையப் புளி, பூண்டு, தக்காளி, கொத்தமல்லித் தழையோடு வந்து நின்றார்.

“என்ன பாய் இது?”

“நானும் பாக்குறேன், அம்புட்டுப் பேரும் உப்பையும் மொளகையுமே கொண்டாறாங்க. வெறும் உப்பையும் மொளகையும் வச்சுக்கிட்டு நீங்க எப்புடிங்க ரசம் வப்பீங்க?”

பெஞ்சில் இருந்தவர்கள் பதறிப்போனார்கள். பிரதர் மட்டும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, “இவரு ஒருத்தருதான்யா என்னைய மனுசனா நெனச்சிருக்காரு” என்றார்.

அன்றே டின் திறந்தது. கட்டுத்துணி கொதிக்கிற அடுப்புக்குப் பக்கத்தில் இன்னோர் அடுப்பு மூட்டினார். வெறும் வயிற்றோடு விடியற்காலை பஸ் ஏறி வருகிறவர்களுக்கெல்லாம் ஒரு தம்ளர் சூடான ரசம். சும்மா சொல்லக்கூடாது, படுமோசமான ரசம். மிளகு தொண்டையைக் கிழிக்கும். ஆனால் அதற்குப் பிறகு வாசலில் வைத்துக் கும்பிடுவது குறைந்து, அவரவர் தோட்டத்துத் தக்காளியைக் கையில் கொண்டுவந்து கொடுப்பது கூடியது. பிரதருக்கு அதில் அத்தனை நிம்மதி. அந்த ரசத்தால்தான் புண் ஆறுகிறது என்று ஒரு கூட்டம் கிளம்பியதை மட்டும் அவரால் நிறுத்த முடியவில்லை.

மாதக்கணக்காயிற்று. நடுவில் அத்தா திருட்டுத்தனமாகச் சைக்கிள் ஏறிப் புண்ணைப் பெரிதாக்கிக்கொண்டு வந்ததும், பிரதர் திட்டாமல் சைக்கிள் சாவியை மட்டும் கேட்டு வாங்கி அங்கிப் பையில் போட்டுக்கொண்டதும் உண்டு. ஒரு காலையில் நான் ஸ்டாப்பில் ஆள் ஏற்றிக்கொண்டிருந்தபோது கொட்டகையிலிருந்து பிரதர் கை காட்டினார். பெஞ்சில் இருந்த அத்தாவின் பாதத்தை இரண்டு கையாலும் தூக்கி என் பக்கம் திருப்பிப் பிடித்தார். கட்டு இல்லை. புதுத்தோல், இளஞ்சிவப்பாக. எனக்கு விசில் ஊத வரவில்லை. டிரைவர் அண்ணன்தான் ஹாரனை நீளமாக அடித்தார். பிரதர் அங்கிப் பையிலிருந்து சாவியை எடுத்து அத்தா கையில் வைத்தார்.

“இந்தப் பெஞ்சு காலியாக் கெடக்கணும் தம்பி, நான் கேக்குறது அம்புட்டுத்தான்” என்று பிரதர் அடிக்கடி சொல்வார். இன்று அந்தப் பெஞ்சே இல்லை. சர்க்கரை பார்க்க வீட்டுக்கே நர்ஸ் வருகிறார், மாத்திரை வாசலுக்கு வருகிறது. அப்படிப்பட்ட புண்களை இப்போது அதிகம் பார்க்க முடிவதில்லை. கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள். பிரதரும் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. அவர் கேட்டது கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். ரசம் போனதில்தான் வருத்தம்.

போன கல்லறைத் திருநாளன்று அத்தாவைப் பைக்கில் கூட்டிப்போனேன். நடையில் கொஞ்சம் சாய்மானம், மற்றபடி இரண்டு காலும் தரையில். பிரதர் கல்லறை மேல் மறுபடியும் உப்பும் மிளகும் குவிந்து கிடந்தன. இப்போது வேண்டாம் என்று சொல்ல அவர் இல்லை. அத்தா மஞ்சப்பையை அவிழ்த்துப் புளியையும் பூண்டையும் தக்காளியையும் ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்த ஒரு பெண் திகைத்துப் போய், “என்னங்க பாய், கல்லறையில போயி இதெல்லாம் வைக்கிறீங்க?” என்று கேட்டார்.

அத்தா கொத்தமல்லியைத் தண்ணீர் தெளித்து ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டுச் சொன்னார்:

“அவரும் மனுசந்தானம்மா. வெறும் உப்பையும் மொளகையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு?”