இரண்டாம் பாகக்காரனின் மனுசி

மன்னார்த் தீவின் தாழ்வுபாட்டில் பெற்றிசியாவுக்குப் பிடித்த மனிதர்களை எண்ண ஒரு கை விரல்களே கூடிப்போகும். கருவாடு வாங்க வருகிற வியாபாரிகள் கள்ளர். கோயில் பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்கிற பெண்கள் சீலை காட்ட வருகிறவர்கள். தொப்பி போட்டுக்கொண்டு வந்து, கடற்கரையில் கூட்டம் வைத்து, பணிசும் சோடாவும் தந்து, வாழ்வாதாரம் என்று ஒரு மணித்தியாலம் அறுத்துவிட்டுப் போகிற தொண்டு நிறுவனக்காரர்களை அவள் மனிதர்களாகவே கணக்கெடுப்பதில்லை. ஆனால் இவர்களெல்லாம் வெளியாட்கள். இவர்களுக்குக் கிடைத்தது சில்லறை இகழ்ச்சிதான். மொத்த இகழ்ச்சியையும் அவள் வீட்டுக்குள் இருந்த ஒருவனுக்கென்றே ஒதுக்கி வைத்திருந்தாள். அவன் கொன்ஸ்ரன்ரைன், அவளுடைய புருசன்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. கொன்ஸ்ரன்ரைன் குடிகாரனில்லை, கை நீட்டுகிறவனுமில்லை. குடிகாரனாக இருந்திருந்தாலாவது ஊர் அவளுக்காக இரங்கியிருக்கும். அவன் ஒரு புழுகன். புழுகனின் மனுசிக்கு யாரும் இரங்குவதில்லை, சிரிக்கத்தான் செய்வார்கள்.

மீன் பிடித்த புழுகு என்றாலும் பரவாயில்லை, கடற்கரையில் அதை எல்லோரும் சொல்கிறார்கள். இவன் புழுகியது ஒரு கொம்பியூட்டர் விளையாட்டைப் பற்றி. தொண்ணூறாம் ஆண்டு, பன்னிரண்டு வயதில், தாய் தகப்பனோடு வள்ளமேறி இந்தியாவுக்கு ஓடி மண்டபம் முகாமில் இருந்தவன். அங்கே கன்னியாஸ்திரிகள் வைத்திருந்த ஒரு பழைய கொம்பியூட்டரில் அந்த விளையாட்டு இருந்தது. ஓர் அரசனின் குரலை யாரோ களவெடுத்துப் போய்விட்டார்கள். இறகு குத்திய தொப்பியோடு ஒரு தூதன் அதைத் தேடிப் போகிறான். அவனை நடத்துவதற்கு ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லாக அடிக்க வேண்டும். நட, திற, எடு, கேள். இவ்வளவுதான் சங்கதி. வெள்ளைக்காரப் பிள்ளைகள் மழைக்கு வீட்டுக்குள் இருக்கும்போது விளையாடுவதற்குச் செய்த சாமானை இவன் வேதப் புத்தகம் போலப் பிரதி எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினான்.

திரும்பிய நாளிலிருந்து ஒரே கதைதான். வள்ளம் தள்ளும்போதும் சொல்வான், கிழிந்த வலை பொத்தும்போதும் சொல்வான், செத்த வீட்டில் பிரேதம் எடுக்கக் காத்திருக்கும்போதும் சொல்வான். "இந்த மன்னார்த் தீவிலயே அதை முடிச்ச ஆள் நான் ஒருத்தன்தான்." மற்றவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது. மறுத்துச் சொல்ல ஆளில்லாத இடத்தில் யாரும் வீரன்தான்.

முதல் பாகத்தின் முடிவை அவன் இப்படிச் சொல்வான்: தூதன் ஓர் இருட்டுக் குகை வாசலுக்கு வருகிறான். உள்ளே போகவில்லை. வாசலில் கல்லில் குடைந்த சின்னக் கெபியில் நிற்கிற பெண் சிலை வாய் திறந்து, உன் அரசனின் குரல் இங்கே இல்லை, தெற்கே முத்துக் கடலில் என் தங்கச்சியிடம் இருக்கிறது என்கிறது. அவ்வளவோடு முதல் பாகம் முடிந்தது. வெள்ளைக்காரன் இரண்டாம் பாகம் செய்யவில்லை, ஆகவே கொன்ஸ்ரன்ரைன் செய்யப் போகிறான். தூதன் நேரே மன்னாருக்கு வருகிறான். தங்கச்சி வேறு யாருமில்லை, முத்துக்குளிப்புக் கடலை ஆண்ட அல்லி ராணி. அவள் களவுபோன குரல்களையெல்லாம் சிப்பிக்குள் பூட்டி வைத்திருக்கிறாள். குரங்குகள் அணை கட்டிய மணல்திட்டுத் தீடைகளின்மேல் தூதன் நடந்து போக வேண்டும். நடுவில் பத்துத் தலையன் காவலிருக்கிறான்.

"பத்து வாய்க்காரனுக்கு எதுக்கு இன்னொரு குரல்?" என்று கல்யாணமான புதிதில் பெற்றிசியா ஒருமுறை கேட்டாள்.

"பத்தும் ஒரே நேரத்தில கத்தினா ஒண்டும் விளங்காதெல்லோ? அதால அவனுக்கு ஒரு நல்ல குரல் வேணும்," என்றான் அவன், கண் இமைக்காமல். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை.

இரண்டாயிரத்துப் பதினாலில், அவன் கடலுக்குப் போயிருந்த ஒரு நாள், கருவாட்டைப் புரட்டிப் போட்டுவிட்டு வந்து, இந்தப் பெரிய கூத்து என்னதான் என்று பார்ப்போமே என, அவன் வீட்டில் வாங்கி வைத்திருந்த கொம்பியூட்டரில் அந்த விளையாட்டைத் திறந்தாள். பள்ளிக்கூட ஆங்கிலமும் ஓர் அகராதியும் கையில். அவன் விளையாடிச் சேமித்து வைத்த இடங்கள் வரிசையாக இருந்தன, முப்பத்தாறு. ஒன்றைத் திறந்தாள், தூதன் குகை வாசலில் நின்றான். அடுத்ததைத் திறந்தாள், அதுவும் குகை வாசல். முப்பத்தாறிலும் அந்த மனிதன் அதே குகை வாசலில் இறகுத் தொப்பியோடு நின்றுகொண்டிருந்தான்.

அவள் தனியே இருந்து இருமல் வரும்வரை சிரித்தாள். மகா வீரன் வாசலைத் தாண்டவே இல்லை!

சிரித்து முடித்து, உள்ளே போ என்று அடித்தாள். இருட்டாக இருக்கிறது, போக முடியாது என்று வந்தது. பக்கத்தில் கெபி. கெபிக்குள் சிலை. சிலைக்கு முன்னால் ஒரு மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது. மெழுகுதிரியை எடு என்று அடித்தாள். தூதன் எடுத்தான். உள்ளே போனான். மூன்று கிழமையில் அரசனுக்குக் குரல் வந்துவிட்டது. அரசன் ஒரு வரியில் நன்றி சொன்னான், திரை கறுத்தது, முடிந்தது. தான் விளையாடியதை அழித்துவிட்டு, கொம்பியூட்டரை மூடித் துணியைப் போட்டாள்.

சொல்லவில்லை. முதலில், நல்ல சமயம் பார்த்து நாலு பேருக்கு முன்னால் சொல்லலாம் என்று வைத்திருந்தாள். பிறகு வைத்திருப்பதே ருசியாகிவிட்டது. அவன் பொழுது சாயக் குந்தியிருந்து, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லித் தட்டுவதை அவள் குசினிக்குள் நின்று கேட்பாள். கத்து என்று அடிப்பான். காத்திரு என்று அடிப்பான். கல்லை உருட்டு, சிலையைக் கேள், மன்றாடு என்றெல்லாம் அடிப்பான். ஒரு சொல் சொன்னால் போதும், மனிதன் உள்ளே போய்விடுவான். அவள் வெங்காயம் உரித்துக்கொண்டு நிற்பாள். கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்தால் அரை நிமிடத்தில் விடை வரும். அவன் அதையும் செய்யவில்லை. பார்த்து எழுதுவது களவாம். முடித்துவிட்டதாக ஊரெல்லாம் புழுகுவது மட்டும் களவில்லை! இந்த ஞாயத்தை நினைக்க நினைக்க அவளுக்குப் பத்திக்கொண்டு வரும்.

இப்படிப் பதினொரு வருடம் போனது.

இந்த வருடம் சோளகக் காற்றுக் காலத்தில் அவனுக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. தன் இரண்டாம் பாகத்தை அவன் முகநூலில் துண்டு துண்டாக எழுதி வந்திருந்தான். எழுத்துப் பிழையும் புழுகுமாகக் கிடந்த அதை யாரோ வாசித்திருக்கிறார்கள். கிருஷாந்தன், யதுர்சிகா என்று இரண்டு இளம் ஆட்கள். விளையாட்டுகள் செய்கிறவர்களாம். அவனுடைய கதையை எடுத்து, பழைய பெயர்களை மாற்றி, புதிய விளையாட்டாகச் செய்ய விருப்பமாம். சனிக்கிழமை நேரில் வருகிறார்களாம்.

கொன்ஸ்ரன்ரைனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. நாற்பத்தேழு வயதில் ஒரு ஆம்பிளை பெருநாளுக்குச் சட்டை பார்க்கிற பிள்ளை மாதிரி அலுமாரியைக் கிண்டிக்கொண்டு நின்றான். "சரிவந்தா எனக்கு இந்தச் சீவியத்தில வேற ஒண்டும் வேண்டாம், பெற்றிசியா," என்றான். வருகிறவர்களுக்குக் கதை மட்டும் பிடித்துவிட்டால் போதும், கோயிலில் கும்பிட்டுக் கேட்டிருக்கிறேன் என்றான்.

பெற்றிசியா தேத்தண்ணிக் கோப்பைகளைத் துடைத்தாள். நாலு பேர் கூடுகிற சமயம் இதுதான் என்று முடிவு செய்துகொண்டாள்.

வந்தவர்கள் இருவரும் சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து கதிரையில் இருந்தார்கள். அண்ணை, அக்கா என்று மரியாதையாகத்தான் கதைத்தார்கள். பெற்றிசியாவுக்கு அவர்களையும் பிடிக்கவில்லை. இவ்வளவு படித்தவர்கள் இவனுடைய வாயைப் பார்க்க நூறு கிலோமீற்றர் வருவதென்றால் படிப்பில் ஏதோ கோளாறு என்று நினைத்தாள்.

கொன்ஸ்ரன்ரைன் கையை வீசி வீசிச் சொன்னான். அல்லி ராணியைச் சொன்னான், சிப்பிகளைச் சொன்னான், பத்து வாயையும் சொன்னான். யதுர்சிகா எழுதிக்கொண்டே இருந்தாள்.

"தீடையள் எல்லாம் ஒரே இடத்திலதானே இருக்கும், அண்ணை? வரைபடம் கீற வேணும்," என்றாள்.

"ஆர் சொன்னது? சோளகம் அடிச்சு ஓஞ்சாப் பிறகு போய்ப் பாருங்கோ, நாலாம் தீடை போன முறை இருந்த இடத்தில இராது. வாடைக்கு இன்னொரு பக்கம் போடும். காத்தைக் கேக்காமல் காலை வைச்சா, நடு வழியில கடல்தான்."

இதில் புழுகு இல்லை. அது பெற்றிசியாவுக்குத் தெரியும். முப்பது வருடம் கடலுக்குப் போகிறவன். அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வந்தவர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்டது இன்னும் எரிச்சல்.

பிறகு யதுர்சிகா பேனையை நிறுத்தினாள். "அண்ணை, ஒண்டு கேக்க வேணும். முதல் பாகம் முடியேக்க தூதன் ஏன் குகைக்குள்ள போகேல்லை?"

கொன்ஸ்ரன்ரைன் தொண்டையைச் செருமினான். கையைப் பார்த்தான். அந்த நிமிடத்தில் தேத்தண்ணித் தட்டோடு உள்ளே வந்தாள் பெற்றிசியா.

"அவருக்கு அது தெரியாது, பிள்ளை," என்றாள். "அவர் அந்தக் குகைக்குள்ள ஒரு நாளும் போனதில்லை. வாசலிலேயே நிக்கிறார். விளையாட்டை முடிச்சது நான். அதில சிலை கதைக்கிறதும் இல்லை, தங்கச்சியும் இல்லை. எல்லாம் இவற்ற புழுகு."

சொல்லிவிட்டுத் தட்டை வைத்தாள். ஒரு கோப்பையிலும் தேத்தண்ணி சிந்தவில்லை. கொன்ஸ்ரன்ரைனின் முகம் வெளிறிப்போனது. றோட்டில் மீன் பெட்டி கட்டிய மோட்டச்சைக்கிள் ஒன்று கோர்ன் அடித்துக்கொண்டு போனது.

"தெரியும், அக்கா," என்றான் கிருஷாந்தன்.

"என்ன தெரியும்?"

"நாங்களும் சின்னனில முடிச்சனாங்கள். அண்ணை முதல் நாள் எழுதின உடனயே இது அந்த முடிவில்லை எண்டு தெரிஞ்சு போச்சு. அதுக்காகத்தான் வந்தனாங்கள். அந்த விளையாட்டின்ர முடிவு ஆருக்கு வேணும்? அரசன் தாங்க்ஸ் சொல்லுவான், போயிடும்." அவன் கொன்ஸ்ரன்ரைனின் பக்கம் திரும்பினான். "எங்களுக்கு விளங்காதது ஒண்டுதான், அண்ணை. மெழுகுதிரியை ஏன் நீங்கள் எடுக்கேல்லை?"

"எந்த மெழுகுதிரி?"

"கெபியில எரிஞ்சுகொண்டிருந்தது. அதை எடுத்தாத்தானே வெளிச்சம். அதோடதான் உள்ள போறது."

கொன்ஸ்ரன்ரைன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவமானப்பட்டவனின் முகமாக அது இல்லை. கேட்டது உண்மைதானா என்று யோசிக்கிறவனின் முகம்.

"அதை எடுக்கிறதோ?" என்றான். "தம்பி, அது ஆரோ நேர்ந்து கொளுத்தினதெல்லோ?"

யதுர்சிகா குனிந்து அந்த வசனத்தை அப்படியே எழுதினாள். எழுதிவிட்டு, "நாங்கள் எல்லாரும் எடுத்தனாங்கள், அண்ணை. ஒருத்தரும் யோசிக்கேல்லை," என்றாள். "எங்கட தூதன் எடுக்க மாட்டான். இதிலயிருந்துதான் தொடங்கப் போறம்."

பிறகு வேலைக் கதைதான். எப்போது வேலை தொடங்குவது, தீடைகளைப் பார்க்க எப்போது வள்ளம் போகலாம், கதை என்ற இடத்தில் அவன் பெயரை எப்படிப் போடுவது. பெற்றிசியா சுவரோரமாக நின்று கேட்டாள். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவள் முடித்த விளையாட்டைப் பற்றி அந்த அறையில் ஒருவருக்கும் அக்கறை இருக்கவில்லை. அவர்கள் போகும்போது, "தேத்தண்ணி நல்லாயிருந்தது, அக்கா," என்றார்கள்.

கொன்ஸ்ரன்ரைன் படலைவரை போய் அனுப்பிவிட்டு வந்தான். எதிர்க் கதிரையில் இருந்தான்.

"நீ எடுத்தனியோ?" என்று கேட்டான்.

"ஓம்."

"எப்ப?"

"பதினாலாம் ஆண்டு."

தலையை ஆட்டினான். ஏன் சொல்லவில்லை என்று அடுத்ததாகக் கேட்பான், அவளுக்குத் தெரியும். அதற்குப் பதில் கனகாலமாகத் தயாராக இருந்தது. முடிச்சவர் எண்டு ஊரெல்லாம் சொன்னீங்கள், முடிச்சவருக்கு என்னத்தைச் சொல்லுறது? இதை முகத்துக்கு நேரே சொல்ல வேண்டுமென்று வருடக்கணக்காகத் தீட்டி வைத்திருந்தாள். அவன் அதைக் கேட்கவில்லை.

"எடுக்கேக்க சிலுவை அடையாளம் போட்டனியோ?" என்று கேட்டான்.

ஓம் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்புவான். அவள் அந்தப் பகலை நினைத்துப் பார்த்தாள். சிரித்து இருமினது நினைவில் இருந்தது. எடு என்று அடித்த விரல் நினைவில் இருந்தது. வேறு ஒன்றும் இல்லை.

"இல்லை," என்றாள்.

அவனுடைய முகத்தில் ஏதோ குத்தியது போல ஒரு வலி வந்து போனது. பிறகு கையை நீட்டி, முன்னாலிருந்த வெறும் கோப்பைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் அடுக்கினான்.

"பரவாயில்லை, பெற்றிசியா. விளையாட்டுத்தானே," என்றான். "தெரியாமல் செய்ததுக்கு ஒண்டும் செய்யாது."

தட்டைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போனான். குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மெழுகுதிரியைத் தெரியாமல்தான் எடுத்தாள். அதற்குப் பிறகு பதினொரு வருடம் வெங்காயம் உரித்துக்கொண்டு அவன் மன்றாடியதைக் கேட்டு நின்றது தெரிந்து செய்தது. அதை எழும்பிப் போய்ச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. இருந்த இடத்திலேயே வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது. உள்ளே அவன் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தான்.