வெள்ளிக்கிழமைக் கூழ்

புற்றுநோய்ப் பிரிவில், காலையில் வந்து மருந்து ஏற்றிக்கொண்டு மாலையில் வீடு திரும்புகிறவர்களைப் பார்க்கும் தாதி அவர். கட்டையான உருவம், கண்ணாடி எப்போதும் மூக்கு நுனியில். ஊசியை எடுக்குமுன் எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: “என்ன கறியோட சாப்பிட்டனீங்கள்?” சமையல் புத்தகம் ஏதும் எழுதுகிறாராக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் எனக்கு வாயெல்லாம் புண். மூன்று நாளாகத் தண்ணீரே எரிந்தது. சொன்னால் மருந்தைத் தள்ளிப்போட்டுவிடுவார்கள் என்ற பயத்தில் துணிந்து புளுகினேன்.

“நேற்று சோறும் கறியும், இண்டைக்குக் காலமை ஒடியல் கூழ், மிஸ். ரெண்டு கோப்பை.”

“கூழுக்கு என்ன போட்டது?”

“பாரை, நண்டு, இறால்.”

அவர் சிரித்துக்கொண்டே என் நெற்றியைப் பார்த்தார். மூன்று குறி விபூதி பளிச்சென்று இருந்தது.

“வெள்ளிக்கிழமையில மீனோ, ஐயா? எங்கை, வாயைத் திறவுங்கோ பாப்பம்.”

திறந்தேன். அவருடைய சிரிப்பு நின்றுவிட்டது.

“உந்தப் புண்ணோட மருந்து ஏத்தினால் தாங்கமாட்டியள். டொக்டரைக் கூப்பிடுறன்.”

மருந்து ஒரு வாரம் தள்ளிப்போனது. அடுத்த வெள்ளி, “ரெண்டு இடியப்பம், சொதி” என்றேன். அதைக் கோப்பில் எழுதும்போது அவர் முகத்தில் வந்த சந்தோஷம், நான் சோதனை பாஸான நாளில் என் வீட்டில்கூட எவருக்கும் வந்ததில்லை. இரண்டாவது இடியப்பத்தில் பாதியை மிச்சம் வைத்துவிட்டதை இன்றுவரை அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.