வால் வைத்த குழிகள்

மயிலாப்பூர்த் தெருக்களில் அம்மி கொத்தும் தேவானை, கல்லைத் தடவிப் பார்த்தே அதில் அரைப்பவளைச் சொல்லிவிடுவாள். "இந்த ஊட்டு அம்மாவுக்கு எடது கை. கோவம் வந்தா ஓரத்துல போட்டு இடிக்கும்" என்பாள். உளியையும் சுத்தியலையும் துணியில் சுற்றிக்கொண்டு மேற்கு மாம்பலத்திலிருந்து நடந்தே வருவாள். பதினோரு வருஷமாக என் அக்கா கோமளத்தின் அம்மிக்கு அவள் கைதான் பழக்கம்.

அக்கா புருஷர், என் அத்திம்பேர் சந்திரமௌலி, டிராயிங் மாஸ்டர். ஞாயிறு தோறும் பல்லாவரம் பக்கம் போய், ஆதிகால மனிதர்கள் இடிக்கப் பயன்படுத்திய கற்களைப் பொறுக்கி வருவார். எப்படிப் பிடித்தார்கள், எதை இடித்தார்கள் என்பதைத் தேய்மானமே சொல்லும் என்பது அவர் கட்சி. பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு குழியாக வரைவார். இப்படி ஆறு வருஷம். 1934-ல் அவர் சிநேகிதர் பத்ரிநாராயணன், காலேஜ் லெக்சரர், இந்தக் கற்களைப் பற்றிக் கட்டுரை எழுதி, படங்களை அத்திம்பேரின் பெயரோடு போடுவதாக வாக்குக் கொடுத்தார்.

பத்ரி கற்களைப் பார்க்க வந்த காலை, ரங்கூனிலிருந்து லீவில் வந்திருந்த நானும் அங்கே இருந்தேன். தேவானை முற்றத்தில் அம்மி கொத்திக்கொண்டிருந்தாள். கூடத்தில் பரப்பியிருந்த கற்களை எட்டிப் பார்த்தவள், சும்மா இருக்கவில்லை.

"அந்தக் கல்லு மொழுமொழுன்னு கீதே, அங்க கட்டை விரல வச்சுப் பாரு சாமி."

பத்ரி வைத்துப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அவ்வளவுதான், காபியை மறந்தார், கல்லும் கையுமாக முற்றத்து ஈரத்தில் அவள் எதிரே உட்கார்ந்துவிட்டார்.

"இதையேதான் நாலு வருஷம் முன்னாடி நான் சொன்னேன்" என்று அத்திம்பேர் என் காதோரம் பொருமினார். "அப்போ கொட்டாவி விட்டான்!"

பொறுக்க முடியாமல் உள்ளே போய், பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த கல்லை எடுத்து வந்தார். அதில் ஒவ்வொரு குழிக்கும் கீறல் மாதிரி ஒரு சின்ன வால் உண்டு. ஆதிமனிதன் கல்லைச் சாய்த்து இடித்ததற்கு அதுவே அத்தாட்சி. கட்டுரையின் முதல் படமும் அதுதான்.

"எங்கே, இதைச் சொல்லு பாப்போம்."

தேவானை ஒரே ஒரு தரம் திருப்பிப் பார்த்தாள். "இன்னா சாமி, வெளாட்றியா? இது என் உளி பட்ட கல்லாச்சே! போன ஆடியில அம்மாதான் இத்தக் குடுத்துக் கொத்தச் சொல்லிச்சு."

அவள் உளியின் முனையில் ஒரு மூலை உடைந்திருந்தது. குழியில் வைத்துக் காட்டினாள். வால் உள்பட உட்கார்ந்தது.

சமையலறையிலிருந்து அக்கா, "ஆமாம், உங்க மூட்டையிலேர்ந்து உருண்டு கிணத்தடியில கெடந்தது. சுக்கு தட்டினா வழுக்கித்து, கொத்தச் சொன்னேன். அப்புறம் உங்க மூட்டையிலேயே போட்டுட்டேன். ஏன், தப்பா?" என்றாள்.

பத்ரி கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு நோட்டைத் திறந்தார். "உன் படமெல்லாம் இருக்கட்டும்டா மௌலி, இந்த ஒண்ணைத் தவிர. ஆனா இவ பாக்கற விதத்தையும் எழுதியாகணும்." தேவானை கை கழுவக் கிணற்றடிக்குப் போயிருந்தாள். "அவ பேரென்ன?"

அத்திம்பேர் பூதக்கண்ணாடியை வேஷ்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"பேரெல்லாம் யாருக்குத் தெரியும்? கல்லு கொத்தறவ."

எனக்குத் தெரியும். அக்கா வீட்டில் சாப்பிடுகிறவன் என்னத்தைச் சொல்ல?

கொல்லையிலிருந்து அக்காவின் குரல் கணீரென்று வந்தது. "தேவானை! மாகாளி ஊறுகாய் எடுத்து வெச்சிருக்கேன், வாங்கிக்காம போயிடாதே!"

பத்ரி சிநேகிதரை ஒரு கணம் பார்த்தார். பேனாவை உதறி எழுதத் தொடங்கினார். அத்திம்பேர் மெல்ல நகர்ந்து, அவள் பெயரைத் தன் பெயருக்கு மேலே எழுதுகிறாரா, கீழே எழுதுகிறாரா என்று எட்டிப் பார்த்தார்.