பனங்காடை கழுவிய தண்ணீர்

ஆய்வுக்கூடத்துச் சுவரைத் துடைக்கும்போது ஜெயக்கொடி அந்த அட்டவணையை மட்டும் கடைசிக்கு வைத்துக்கொள்வாள். இடப்பக்கம் பறவைகளின் பெயர். வலப்பக்கம் அவற்றின் இறகில் குடியிருக்கும் சிற்றுண்ணிகளின் கணக்கு. செம்போத்துக்கு நாலு வகை, தவிட்டுக்குருவிக்கு மூன்று. பனங்காடைக்கு நேரே ‘இல்லை’. அந்த இடம் வந்ததும் கை தயங்கும்.

பனங்காடையைக் கொண்டுவந்தவளே அவள்தான். கீழக்குயில்குடிக்குப் பிரியும் விலக்கு ரோட்டில் கார் அடித்துப் போட்டிருந்ததைச் சாப்பாட்டுப் பையில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு கல்லூரிக்கு வந்தாள். ஆராய்ச்சி செய்கிற இந்துப்ரியாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பறவைக்குப் பறவை உண்ணி வேறு, இறகின் இடுக்கில் வரிசையாக ஒட்டியிருக்கும், பறவைக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று முன்பே லென்ஸில் காட்டியிருந்தாள்.

"அடி ஆத்தி, பஸ்ஸுல சீட்டுப் பிடிச்ச மாதிரியில்ல உக்காந்திருக்கு" என்றிருந்தாள் ஜெயக்கொடி.

அதுவரை இறகை உலர்ந்தபடியேதான் பார்ப்பார்கள். பனங்காடையின் சிறகைத்தான் முதல்தடவையாக ட்ரேயில் சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு இந்துப்ரியா வீட்டுக்குப் போனாள். சாயந்தரம் கூட்ட வந்த ஜெயக்கொடிக்குக் கலங்கல் தண்ணீரைக் கண்டதும் மனசு கேட்கவில்லை. அதைத் தொட்டியில் கொட்டி, சிறகை மூன்று தண்ணீரில் அலசி, நீலம் பளிச்சென்று தெரிய ஜன்னலில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டாள். அப்போதுதான் போன் வந்தது.

"அக்கா, ட்ரேல இருக்க தண்ணிய யாரும் கொட்டிறாமப் பாத்துக்கங்க. பூச்சி பூராம் கழண்டு அதுலதான் கிடக்கும்."

"சரி பாப்பா."

தினக்கூலி வேலை. வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள் ஒருத்திதான். ட்ரேயில் புதுத் தண்ணீர் பிடித்து, சோப்புத்தூளைக் கலக்கி, சிறகைத் திரும்ப அதில் அமுக்கி வைத்தாள்.

மறுநாள் வந்த இந்துப்ரியா அந்தத் தண்ணீரை வடிகட்டி இரண்டு நாள் குனிந்து குனிந்து பார்த்தாள். இம்புட்டுச் சுத்தமான பறவையா என்று அதிசயப்பட்டாள். வேறு பனங்காடை கிடைக்கவில்லை. ‘இல்லை’ என்று எழுதினாள்.

இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இன்றைக்கு அவள் பைண்டு செய்த ஆய்வேட்டோடு வந்து நின்றாள். வெள்ளிக்கிழமை அதன் மேல் கேள்வி கேட்பார்களாம். நன்றிப் பக்கத்தைத் திருப்பி, இங்கிலீஷில் இருந்ததைத் தமிழில் சொன்னாள்: பனங்காடையைக் கொண்டுவந்து தந்த ஜெயக்கொடி அக்காவுக்கு.

"உங்க பேருதான்க்கா, பாருங்க."

ஜெயக்கொடி ஈரக்கையை முந்தானையில் துடைத்தாள். பேரைத் தொடவில்லை.

"அந்தத் தண்ணிய நாந்தேன் கொட்டுனேன் பாப்பா. நீ போன் பண்றதுக்கு முந்தியே கொட்டிட்டேன். நீ பாத்தது நான் கலக்கி வச்ச சோப்புத் தண்ணி."

இந்துப்ரியாவின் விரல் பேரின் மேலேயே நின்றது. பிறகு பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். அட்டவணை இருந்த பக்கம் வந்ததும் நிறுத்தினாள்.

"அந்த ‘இல்லை’ய இனிமே அழிக்க முடியாதா?" என்று கேட்டாள் ஜெயக்கொடி.

இந்துப்ரியா அந்த ‘இல்லை’யின் மேல் விரலை வைத்தாள். ஜெயக்கொடி துணியைப் பிழிந்து வாளி விளிம்பில் போட்டாள். தண்ணீர் தளும்பாமல் வாளியைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள்.